மெஷினுக்குக் கொடுத்த சேவல்

காலையில் அந்த அக்காவின் விரல்கள் போயின. மத்தியானம் அதே மெஷினுக்குச் சேவல் அறுத்தார்கள். சாயங்காலம், அந்த மெஷினில் அடுத்து உட்காரப் போவது என் அம்மா என்று சொன்னார்கள். மூன்றும் ஒரே நாளில், ஒன்றை அடுத்து ஒன்றாக, சந்தைக்குப் போய் வருவதுபோல அமைதியாக நடந்து முடிந்தன. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அந்த அமைதியின் மேல்தான்.

ஓசூரிலிருந்து பெங்களூர் போகும் ரோட்டில், மைசூர் எல்லை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது அந்தக் கீல் பட்டறை. கதவுக்கும் ஜன்னலுக்கும் டிரங்குப் பெட்டிக்கும் போடுகிற இரும்புக் கீல்கள் அங்கே செய்தார்கள். தகரக் கொட்டகை. ஒரு மூலையில் மோட்டார். அது சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டு தலைக்கு மேலே கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி, தகடு வெட்டும் மெஷினையும், சாணைக்கல்லையும், பிரஸ்ஸையும் ஓட்டும். ஊருக்குக் கரண்டு வந்த பிறகு வைத்த ஏற்பாடு அது. அதற்கு முன்னால் எல்லாம் கையால் திருகும் பிரஸ்தான்.

கரண்டு வந்ததும் சர்க்கார் காகிதங்களும் வந்தன. எல்லாம் இங்கிலீஷில். முதலாளிக்குக் கன்னடம் எழுதப் படிக்க வரும், தெலுங்கும் தமிழும் பேச வரும், இங்கிலீஷ் வராது. அதனால்தான் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். எனக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மசிப்புட்டி. இருபது அடி தள்ளி என் அம்மா தரையில் குந்தி உட்கார்ந்து கீல்களின் பிசிறை அரத்தால் ராவிக்கொண்டிருப்பாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கூலி வேலை செய்தவள். அந்த நாற்காலியில் உட்காரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

பிரஸ்ஸில் வேலை இப்படி. தகட்டை அச்சின் மேல் வைத்து, காலால் மிதியை அழுத்தினால், மேலிருந்து இரும்புக் கட்டை ஒன்று இறங்கி அடிக்கும். அடித்த துண்டை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கை அச்சுக்குள் போய் வரும். காலும் கையும் ஒரு தடவை தாளம் தப்பினால் போதும். அதற்காகவே மெஷினோடு ஒரு கம்பி வலை வந்திருந்தது. பெட்டி மாதிரி, நாலு போல்ட்டில் நிற்கும். தகடு நுழைய மட்டும் கீழே சந்து இருக்கும், விரல் நுழையாது. ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவிச் சந்தனம் வைப்பதற்காக அந்த வலையைக் கழற்றினார்கள். பூஜை முடிந்து மூன்று மாதம் ஆகியும் மாட்டவில்லை. சிக்கிய தகட்டை எடுக்க வலை இல்லாமல் இருப்பது சுலபம் என்று எல்லாருக்கும் பழகிவிட்டது. வாட்ச்மேன் அதைக் கொண்டுபோய்த் தன் குடிசை வாசலில் கோழிக்குஞ்சுகள் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். காக்காய்க்குப் பயந்து.

அன்று நான் என் மேஜையில் இருந்தேன். பிரஸ் அடிக்கும் சத்தம் காதுக்குப் பழகிப்போனது, இரும்பின் மேல் இரும்பு விழும் வறட்டுச் சத்தம். நடுவில் ஒரு அடி மட்டும் மந்தமாக விழுந்தது. அப்புறம்தான் அலறல்.

அந்த அக்கா மத்திகிரியிலிருந்து நடந்து வேலைக்கு வருகிறவள். தெலுங்கு தவிர வேறு பேச்சு தெரியாது. வலது கையில் மூன்று விரல்கள் துண்டாகியிருந்தன. முதலாளி ஓடி வந்தார், தன் துண்டாலேயே கையைச் சுற்றினார், தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவர் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படி எழுத முடியாது. கை நசுங்கிய பிறகு செய்ய வேண்டியதையெல்லாம் அவர் செய்தார். நசுங்காமல் இருக்கச் செய்ய வேண்டிய ஒன்றைத்தான் செய்யவில்லை.

கார் போனதும் மேஸ்திரி மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். "பூஜைக்குப் பூசணிக்காய் ஒடச்சுட்டு விட்டுட்டம். அதுக்குப் பத்தல. கேட்டு வாங்கிக்கிச்சு" என்றார்.

யாரும் மறுக்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து சேவல் வந்தது. மத்தியானம்வரை அதை எங்கேயாவது அடைத்து வைக்க வேண்டுமே. வாட்ச்மேன் வீட்டு வலையைக் கொண்டுவந்து, சேவலை அதற்குள் விட்டு, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்கள். மெஷினுக்குப் பக்கத்திலேயே. ஒரு கையைக் காப்பதற்காகச் செய்த வலை அன்று சேவலைக் காத்துக்கொண்டிருந்தது. நான் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தேன். அதில் ஏதோ விபரீதம் இருப்பதாக ஒருவர் முகத்திலும் தெரியவில்லை.

அச்சின் மேலேயே அறுத்தார்கள். காலையில் சிந்திய ரத்தமும் மத்தியானம் சிந்திய ரத்தமும் ஒன்றாகிவிட்டன. அடிபட்டபோது அச்சின் விளிம்பும் பெயர்ந்திருந்தது. புது அச்சு பெங்களூரிலிருந்து வர ஆறு நாள் ஆகும் என்றார்கள். அது வந்ததும் மெஷினில் என் அம்மா உட்கார வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார்.

ஏன் அம்மா என்று நான் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பொண்ணு தூரமா இருக்கறப்ப வந்து மெஷினத் தொட்டுட்டா. பொம்பளைங்க எல்லாரும் பேசிக்கறாங்க. உங்கம்மாவுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் நின்னு போச்சாமே. அதான் பாத்துப் போட்டேன்."

ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டைச் சொல்கிறவர் மாதிரியே சொன்னார்.

"வலைய மாட்டிடுங்க மேஸ்திரி."

"போல்ட்டு எங்க போச்சோ, யாரு கண்டா. வலையப் போட்டா வேல ஓடுமா? உங்கம்மாவே வந்து கழட்டுன்னு நிப்பா, பாருங்க கிளார்க்கம்மா."

அன்று வீட்டுக்கு வந்தபோது அம்மா சேவல் கறியில் எங்கள் பங்கைக் கொண்டுவந்திருந்தாள்.

"சாப்புடு புள்ள. சாமிக்குக் குடுத்தது."

"அந்த அக்கா ரத்தத்து மேலயே அறுத்தாங்கம்மா."

"அதுக்குத்தான அறுத்தது. இனிமே யாரையும் கேக்காது."

"இரும்பு என்னத்தம்மா கேக்கும்? வலை இருந்திருந்தா வெரலு இருந்திருக்கும்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது. "ஸ்டூலு போட்டு ஒக்காரணுமாண்டி அந்த மெஷினுக்கு. உன்னாட்டமே" என்றாள்.

கறியை அவள் பக்கமே நகர்த்தி வைத்தேன்.

அடிபட்டவர் இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாவிட்டால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்குப் பாரம் என்கிற சர்க்கார் படிவம் எழுதி அனுப்ப வேண்டும். மூன்றாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"கதவுல வெரல் நசுங்கிடுச்சுன்னு எழுது பாப்பா. ரெண்டு வரி போதும்."

"எந்தக் கதவுங்க?"

"ஏதோ ஒரு கதவு. கீல் பட்டறைல கதவுக்கா பஞ்சம்?"

தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். நான் என் மேஜைக்குப் போய், என்னால் முடிந்த நல்ல கையெழுத்தில், பவர் பிரஸ்ஸில் வலை மாட்டாத காரணத்தால் மூன்று விரல்கள் துண்டாயின என்று இங்கிலீஷில் எழுதினேன். இப்போது அந்த மெஷினில் இன்னொரு பெண்ணை உட்கார வைக்கப் போகிறார்கள், வலை இன்னும் மாட்டவில்லை என்று கீழே சேர்த்தேன். கொண்டுபோய் நீட்டினேன். அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்புறம் அடியில் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். நானே தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். நான் செய்ததும் ஏமாற்று வேலைதான் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். சொல்வதற்கு முன்னால் தங்கள் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

ஆறாம் நாள் புது அச்சு வந்தது. அதை மாட்டிக்கொண்டிருக்கும்போது, சைக்கிளில் வந்த ஒருவர், பஸ் ஸ்டாண்டில் பையோடு இறங்கிய ஒரு ஆபீசர் கீல் பட்டறைக்கு வழி கேட்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு நாளாகக் கிடைக்காத போல்ட்டு அடுத்த நிமிஷம் கிடைத்தது. மேஸ்திரியின் அலமாரியில், ஒரு தகர டப்பாவில், நாலும் பத்திரமாக இருந்தன. வாட்ச்மேன் வீட்டிலிருந்து வலை ஓடி வந்தது. இன்ஸ்பெக்டர் சேலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, குடையை மடக்கிக்கொண்டு உள்ளே நுழையும்போது, வலை மாட்டியாகிவிட்டது.

ஒல்லியான மனிதர். செருப்பெல்லாம் புழுதி. மெஷினடியில் காய்ந்திருந்ததைக் காட்டி, "இது என்ன ரத்தம்?" என்று கேட்டார்.

"சேவல் ரத்தமுங்க அய்யா" என்றார் மேஸ்திரி. "எங்க பக்கம் வழக்கமுங்க."

ஒவ்வொருவராகக் கேட்டார். வலை இருந்ததா? இருந்ததுங்க. எப்போதும் இருக்குமா? இருக்குமுங்க. அம்மாவின் முறை வந்தது. நான் ஐந்தடி தள்ளி நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"இருந்துச்சுங்க அய்யா. நாங்கதான் ஜாக்கிரதையா இருக்கோணும்."

அப்போது இன்ஸ்பெக்டர் பையிலிருந்து பாரத்தை எடுத்து, "நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பியது வேறு மாதிரி இருக்கிறதே" என்று முதலாளியிடம் சொல்லி, தமிழில் படித்துக் காட்டினார். முதலாளி அதை முழுசாகக் கேட்டார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீ எழுதினதா?"

"ஆமாங்க."

"சின்னப் பொண்ணுங்க சார். நேத்துப் படிச்சுட்டு வந்தது. தெரியாம எழுதிடுச்சு."

"தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றேன். இன்ஸ்பெக்டர் என்னையும் மற்ற எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வாய்க்கு எதிராக இருபது வாய். "அடிபட்டவளைப் பார்க்கணும்" என்றார்.

முதலாளியின் காரிலேயே மத்திகிரிக்குப் போனோம். இன்ஸ்பெக்டருக்குத் தெலுங்கு தெரியாது, எனக்குத் தெரியும். நான் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். அந்த அக்கா ஒற்றை அறை வீட்டில், கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலாளியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் வாசல்படியில் நின்றுகொண்டார்.

நடந்ததைச் சொல்லச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துச் சொன்னாள். "என் தப்புதான் சாமி. மூன்று நாள் கழியாமல் வந்துவிட்டேன். தீட்டோடு தொட்டேன். அது எடுத்துக்கொண்டது. மன்னிக்க வேண்டும்."

எனக்கு வயது பத்தொன்பது. அந்த வார்த்தையை ஒரு ஆண்பிள்ளை முன்னால் நான் வாய் திறந்து சொன்னதே இல்லை. அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லியிருக்கலாம். விட்டிருந்தால் முதலாளி எழுதச் சொன்ன கதவுக்கும் என் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்? முகம் எரிய எரிய, ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். இன்ஸ்பெக்டரின் பேனா நின்றுவிட்டது. வாசல்படியில் முதலாளி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோதும், விரலையும் இழந்து பழியையும் தானே தூக்கிப் போட்டுக்கொண்ட அந்த அக்காவைப் பார்த்தபோதும், எனக்கு யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியவில்லை.

"மெஷினில் கம்பி வலை இருந்ததா என்று கேளும்மா."

கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. கையால் பெட்டி மாதிரி காட்டினேன். கொஞ்சம் யோசித்தாள்.

"வாட்ச்மேன் வீட்டில் குஞ்சுகள் மேல் கவிழ்த்து வைத்திருப்பார்களே, அதுவா? அது மெஷினுடையதா?"

பூஜைக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அந்த மெஷினுக்கு ஒரு வலை உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதை இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கியபோது, வாசலிலிருந்து முதலாளி தெலுங்கில் மெதுவாக ஏதோ சொன்னார்.

"அவர் என்ன சொல்கிறார்?"

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, வைத்தியம் நான்தானே பார்க்கறேன்னு சொல்றாருங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் அதையும் எழுதினார்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் நேராக மெஷினிடம் போய்க் குனிந்து பார்த்தார். வலையின் மூலையில் காய்ந்த கோழி எச்சத்தைப் பென்சிலால் சுரண்டினார். ஒரு சின்ன இறகு கீழே விழுந்தது. மேஸ்திரி கூரையைப் பார்த்தார். வலை இல்லாமல் மெஷின் ஓடக் கூடாது என்று உத்தரவு எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார். வழக்கு வரும் என்றும் சொன்னார்.

கிளம்பும்போது நான் பின்னாலேயே போய், "மறுபடி எப்பங்க வருவீங்க?" என்று கேட்டேன்.

"ஜில்லா முழுசும் நான் பார்க்கணும்மா. அடுத்த வருஷம் வர முடியுதான்னு பார்க்கலாம்" என்று குடையை விரித்தார்.

அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலையிலேயே அம்மா அந்த ஸ்டூலில் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தாள். வலை இருந்தது. முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ராவுகிற பெண்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். நான் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பிரஸ் அடிக்கும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். வலை இருந்தால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் சற்று இடைவெளி இருக்கும். இரண்டு நாள் அந்த இடைவெளி இருந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் அடிகள் நெருங்கி விழத் தொடங்கின.

எழுந்து போய்ப் பார்த்தேன். வலை சுவரில் சாய்ந்திருந்தது. அம்மாவின் கால் மிதியின் மேல் இருந்தது. வலது கை அச்சுக்குள் போய்ப் போய் வந்தது.

கூப்பிட வாய் வரை வந்துவிட்டது. கூப்பிட்டால் அவள் திடுக்கிடுவாள், திடுக்கிட்டால் கால் அழுத்தும். வாயை மூடிக்கொண்டு, நடந்தே போய், மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். தலைக்கு மேலே தண்டு தயங்கித் தயங்கி நின்றது. பெல்ட்டுகள் தொய்ந்து ஆடின. மேலே நிமிர்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் மெஷின்களை விட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். அம்மாவும் எடுத்தாள்.

"கரண்டு போச்சா?" என்றார் மேஸ்திரி.

"போகல. நான்தான் நிறுத்தினேன். வலைய மாட்டுங்க."

சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

"ஏண்டி, மானத்த வாங்காத. அந்தாண்ட போ" என்றாள் அம்மா.

"வலையக் கழட்டச் சொன்னது யாரு?"

மேஸ்திரி அம்மாவைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "தகடு சிக்கிச் சிக்கி நிக்குது. அவ போட்டதுல பாதிகூட நான் போடல. ஸ்டூலு எதுக்கு உனக்குன்னு கேக்கறாங்க. கேக்கறது உங்காதுல விழுதா?"

"விழுதும்மா. அந்த மெஷின் சத்தமும் விழுது."

"உன்ன யாருடி கேட்டா? என் கை, நான் பாத்துக்கறேன்."

சத்தம் நின்றதால் முதலாளி வெளியே வந்தார். "சுவிட்சப் போடு" என்றார்.

"வலைய மாட்டினதும் போடறேங்க."

"இது உன் பட்டறையா?"

"இல்லீங்க. அது எங்கம்மா கை."

இன்ஸ்பெக்டரின் உத்தரவு அவர் மேஜையில் இருந்தது, அதில் கன்னடத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது. மாட்டச் சொல்லி மேஸ்திரிக்குக் கையைக் காட்டினார். மேஸ்திரி நாலு போல்ட்டையும் முடுக்கினார்.

"முனைய நசுக்கி விடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"கீலுக்கு ஆணி போட்டா நசுக்கறோமில்ல, கழண்டு வராம. அதாட்டம்."

சுத்தியலை எடுத்து நாலு முனைகளையும் அடித்து நசுக்கினார். ஒவ்வொரு அடியும் என் தலையில் விழுவதாக நினைத்துத்தான் அடித்தார். இனி அதைக் கழற்ற வேண்டுமானால் உளி வைத்துத்தான் வெட்ட வேண்டும். ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. போய் சுவிட்சைப் போட்டேன்.

சங்கு ஊதியதும் முதலாளி என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்து ரோட்டோரம் நின்றேன். அம்மா மற்றப் பெண்களோடு வந்தாள். என்னைத் தாண்டிப் போகவும் இல்லை, என்னோடு சேர்ந்து நடக்கவும் இல்லை. நான் நடக்கத் தொடங்கியதும் பத்தடி பின்னால் வந்தாள்.

"படிக்க வெச்சன் பாரு, என்னச் சொல்லோணும்" என்று பக்கத்தில் வந்தவளிடம் சொன்னாள், எனக்குக் கேட்கிற மாதிரி. "நாளைக்கு அந்த வலைய வெச்சுக்கிட்டு நான் எப்பிடி அத்தனை அடிக்கறது? இவ வந்து அடிப்பாளா?"

நான் திரும்பவில்லை. எனக்கும் அவள் மேல் அவ்வளவு கோபம் இருந்தது. வாகலூர் ரோடு பிரியும் இடத்தில் ஒரு லாரிக்கு ஒதுங்கும்போது மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தேன். என்னைத் திட்டிக்கொண்டே, இரண்டு கையையும் வீசி வீசி வந்துகொண்டிருந்தாள். நான் முன்னால் நடந்தேன்.